நான்காம் சொத்து: ஈழத்தமிழரின் நாடுகடந்த திருமணங்களும் தேசவழமையின் பொருளியல் சட்டகமும்

ஆய்வுச்சுருக்கம்

ஈழத்தமிழரின் நாடுகடந்த திருமணங்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இரு நோக்குகளில் அமைகின்றன. ஒன்று, அவற்றை மரபின் தொடர்ச்சியாகக் காண்பது. மற்றொன்று, புலம்பெயர் வருவாயை மையமாகக் கொண்ட பொருளாதாரப் பேரமாகக் காண்பது. இவ்விரு நோக்குகளும் திருமணத்தின்வழி நிகழும் சொத்துக் கைமாற்றத்தை முழுமையாக விளக்கவில்லை என்பது இக்கட்டுரையின் கருதுகோள். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் தேசவழமையின் முப்பாகுபாட்டை அளவுகோலாகக் கொண்டு, வெளிநாட்டு வதிவுரிமை இப்பாகுபாட்டிற்குள் அடங்காத நான்காவது சொத்தாகச் செயற்படுவதையும், அதன் விளைவுகள் பெண்ணின் சொத்துரிமையைப் பாதிக்கும் விதத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தேசவழமை, சீதனம், நன்கொடை, நாடுகடந்த திருமணம், வதிவுரிமை, புலம்பெயர் வருவாய்.

முன்னுரை

1983 ஆம் ஆண்டு யூலை வன்முறைக்குப் பின் இலங்கைத் தமிழர் பெருந்தொகையாக ஐரோப்பாவிற்கும் வட அமெரிக்காவிற்கும் பெயர்ந்தனர். தொடக்கக் காலத்தில் சென்றவருள் மணமாகாத இளைஞரே மிகுதி. அவர்களுக்குரிய மணப்பெண்கள் ஊரில் இருந்தனர். ஊரில் போர் நடந்துகொண்டிருந்தது. மணமகன் ஊருக்குத் திரும்ப இயலாத நிலையில், மணமகள் அவனிடம் சென்று சேரும் முறை உருவாயிற்று. பேச்சுக்கால் யாழ்ப்பாணத்தில் நடக்க, தாலி திருச்சியிலோ சென்னையிலோ ஏற, குடித்தனம் ரொறன்ரோவிலோ பாரிசிலோ தொடங்கும் திருமணங்கள் இயல்பாயின. 2009 ஆம் ஆண்டு போர் முடிந்த பின்னரும் இம்முறை நின்றுவிடவில்லை.

ஆகவே இம்முறையைப் போர்க்காலத் தேவையாக மட்டும் விளக்குதல் போதாது. அதனை நிலைநிறுத்தும் பொருளியல் உறவுகள் எவை, அவ்வுறவுகளில் எவர் எதனை ஈட்டுகின்றனர், எவர் எதனை இழக்கின்றனர் என்பன விடை காணவேண்டிய வினாக்கள்.

1. தேசவழமை வகுத்த சொத்துப் பாகுபாடு

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காறுகள் ஒல்லாந்தர் ஆட்சியில், 1707 ஆம் ஆண்டு, கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரியால் தொகுக்கப்பட்டன. தொகுப்பு தமிழாக்கப்பட்டுப் பன்னிரண்டு முதலியார்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. பிரித்தானியர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலு அளித்தனர். 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் மற்றும் வழியுரிமைக் கட்டளைச் சட்டமும், அதற்கு 1947 இல் கொண்டுவரப்பட்ட திருத்தமும் இன்றுள்ள வடிவத்தை அளித்தன.

இவ்வழமை சொத்தை மூன்றாகப் பகுக்கிறது. கணவன்வழி வந்த பரம்பரைச் சொத்து முதுசம். திருமணத்தின்போது மகளுக்குக் கொடுக்கப்படுவது சீதனம். திருமண காலத்தில் இருவரும் ஈட்டுவது தேடியதேட்டம். பழைய முறையில் முதுசம் ஆண்மக்களுக்கும், தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் சென்றது. சீதனம் பெற்றுச் சென்ற மகள் பெற்றோரின் எஞ்சிய சொத்தில் பங்கு கோர இயலாது. போர்த்துக்கேயர் காலந்தொட்டு இப்பிரிவு தளர்ந்து, தந்தையின் சொத்திலிருந்தும் சீதனம் கொடுக்கும் வழக்கம் வந்தது என்பதையும் தொகுப்பே பதிவு செய்கிறது. வழமை என்பது மாறாத ஒன்று அன்று என்பதற்கு இது அகச்சான்று.

புலம்பெயர்வு ஆய்வாளர் அதிகம் கவனியாத ஒரு விதியும் தொகுப்பில் உண்டு. மணமாகாத மகன் ஈட்டியது, அவன் அணிந்திருக்கும் பொன், வெள்ளி அணிகள் நீங்கலாக, பெற்றோரின் பொதுச்சொத்தில் சேரவேண்டும் என்பது அது. 1980களில் யேர்மனியின் உணவகங்களிலும் சுவிற்சர்லாந்தின் விடுதிகளிலும் பாத்திரம் கழுவிய இளைஞன் தன் சம்பளத்தை ஊருக்கு அனுப்பித் தங்கையின் சீதனத்தைச் சேர்த்தபோது, அவன் இவ்விதியை அறிந்திருக்கவேண்டிய தேவை இல்லை. சட்டமாக ஒருகாலத்தில் எழுதப்பட்ட எதிர்பார்ப்பு, குடும்பக் கடமையாக நடைமுறையில் இருந்தது. புலம்பெயர் பணத்தைப் புதிய பொருளாதாரத்தின் விளைவாக மட்டும் காண்போர் இத்தொடர்ச்சியைத் தவறவிடுகின்றனர்.

2. ஆய்வு மரபின் பார்வைகளும் எல்லைகளும்

சீதனம் பற்றிய மானிடவியல் விவாதத்தில் ஜாக் குடியும் எஸ். ஜே. தம்பையாவும் 1973 ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் இன்றும் தொடக்கப் புள்ளியாக உள்ளது. பெற்றோர் இறக்கும் முன்னரே மகளுக்குச் சேரும் மரபுரிமைப் பங்காகச் சீதனத்தை அந்நூல் விளக்குகிறது. யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை இவ்விளக்கம் பெரிதும் பொருந்தும். சீதனமாக வீடும் வளவும் உறுதி எழுதிக் கொடுக்கப்பட்டன. கணவன் மனைவியின் வீட்டிற்கு வந்து குடியிருப்பதே பரவலான வழக்கம். ஆனால் சீதனத்தோடு சேர்ந்து, மணமகனின் பெற்றோர் கைக்குச் செல்லும் ‘நன்கொடை’ அல்லது ‘டொனேசன்’ என்னும் ரொக்கத் தொகை இவ்விளக்கத்திற்குள் அடங்குவதில்லை. அது மணமகளின் சொத்தன்று. பெரும்பாலும் அது மணமகனின் சகோதரிக்குச் சீதனமாக மறுபடி வெளியேறும். சீதனத்தையும் நன்கொடையையும் ஒரே சொல்லால் குறிக்கும் ஆய்வுகள், பெண்ணுக்குரியதையும் பெண்ணுக்கு உரியதல்லாததையும் ஒன்றாக்கிவிடுகின்றன.

நோர்வேத் தமிழரை ஆராய்ந்த ஓய்விண்ட் ஃபுக்லெருட்டின் 1999 ஆம் ஆண்டு நூல், உறவுமுறைக் கடமைகளையும் நெடுந்தொலைவுத் தேசியத்தையும் இணைத்துப் பார்த்தது. நிக்கலஸ் வான் ஹியர், அகதியாகச் செல்பவர் எவ்வளவு தூரம் செல்வர் என்பதை அவர்தம் கைப்பணமே தீர்மானிக்கிறது என்று காட்டினார். அவ்வாய்வின் பயன் பெரிது. கனடாவும் பிரித்தானியாவும் செல்ல அதிகம் செலவாகும், இந்தியாவிற்குக் குறைவு. திருமணச் சந்தையிலும் இதே படிநிலை எதிரொலிக்கிறது. மாப்பிள்ளை எந்த நாட்டில் இருக்கிறார், அங்கு அவருக்கு எவ்வகை வதிவுரிமை உண்டு என்பன கல்வியையும் தொழிலையும் போலவே பேச்சுக்காலில் எடைபோடப்படுகின்றன.

சித்தார்த்தன் மௌனகுருவின் 2019 ஆம் ஆண்டு ஆங்கில நூல் இத்துறையில் முக்கியமான திருப்பம். கலியாணத் தரகர், திருமணப் புகைப்படத் தொகுப்பு, குடிவரவு ஆவணங்கள், இந்தியாவின் இடைத்தங்கல் ஊர்கள் ஆகியவற்றின்வழி திருமணம் எவ்வாறு உருவாக்கப்படுகிறது என்பதை அந்நூல் நுட்பமாகக் காட்டுகிறது. போரால் சிதறிய சமூகம் திருமணத்தின்வழி தன்னை மீளக் கோத்துக்கொள்கிறது. திருமணம் எதிர்காலத்தை நோக்கிய செயல் என்பது அதன் மைய வாதம். விசா அதிகாரியின் கண்ணுக்கு நம்பத்தக்கதாகத் தோன்றவேண்டும் என்பதற்காகச் சடங்குகள் படம்பிடிக்கப்படும் முறை பற்றிய அதன் பகுதி சிறப்பானது.

எனினும் அவ்வாதம் ஒரு கேள்வியைத் திறந்தே விடுகிறது. எதிர்காலம் யாருடையது, அதற்கு விலை கொடுப்பவர் யார்? சமூகம் தன்னைக் கோத்துக்கொள்கிறது என்னும்போது அண்ணன், தங்கை, மாமனார், மருமகள் ஆகியோரின் வேறுபட்ட நலன்கள் ‘சமூகம்’ என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் மறைகின்றன. தனித்தனிச் சொத்துரிமைகளாகப் பிரித்துக் காணும்போதே அவ்வேறுபாடுகள் புலப்படும். அப்பிரிப்பிற்குத் தேசவழமையின் பாகுபாடு உதவுகிறது.

3. பணத்தின் வழித்தடங்கள்

நாடுகடந்த திருமணத்தில் பணம் ஒரே திசையில் செல்வதில்லை. முதலாவது வழித்தடம், வெளிநாட்டு அண்ணனிடமிருந்து ஊரிலுள்ள தங்கையின் திருமணத்திற்கு வருவது. உண்டியல் மூலமும் வங்கி மூலமும் வரும் இத்தொகை பல வேளைகளில் சீட்டுப் பிடித்தோ கடன்பட்டோ திரட்டப்படுவது.

இரண்டாவது, அப்பணம் நன்கொடையாக மணமகன் வீட்டிற்குச் செல்வது. அங்கு அது அவனைக் கடல்கடந்து அனுப்புவதற்காக ஏஜென்சிக்குக் கொடுக்கப்பட்ட பணத்தின் கடனை அடைக்கலாம்; ஈடு வைத்த வளவை மீட்கலாம்; அவனுடைய தங்கைக்கு மாப்பிள்ளை தேடலாம். இவ்வாறு ஒரே தொகை மூன்று, நான்கு குடும்பங்களைக் கடந்து செல்வது உண்டு. சுவிற்சர்லாந்தில் உழைக்கும் ஒருவரின் பணம் பிரான்சில் வாழும் மற்றொருவரின் கடனை அடைப்பதில் முடியலாம். இரு வீட்டாரும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் மாற்றுக் கலியாணம் இச்சுற்றைச் சுருக்கும் பழைய உத்தி.

மூன்றாவது, திருமணச் செலவு. இந்தியாவில் தாயோடும் உறவினரோடும் மாதக்கணக்கில் தங்குதல், மண்டபம், கூறை, நகை, புகைப்படம், மணமகன் தரப்பின் விமானப் பயணம், பின்னர் குடிவரவு விண்ணப்பம் என இது நீளும். நான்காவது, திருமணத்திற்குப் பின் வெளிநாட்டில் வேலைக்குச் செல்லும் மனைவி தன் பெற்றோருக்கு அனுப்பும் பணம். குடும்பங்களில் மிகுந்த பிணக்கிற்கு இடமாவது இதுவே. அவளது சம்பளம் வழமையின்படி தேடியதேட்டம், இருவருக்கும் பொது. சீதனம் கொடுத்து அனுப்பிய பெற்றோர்க்கு அதில் உரிமை இல்லை என்பது கணவன் தரப்பின் வாதம். அப்பெற்றோரோ சீதனத்திற்குப் பட்ட கடனை இன்னும் கட்டிக்கொண்டிருப்பர்.

நாணய மாற்று இவ்வழித்தடங்களை மேலும் சிக்கலாக்குகிறது. 2022 ஆம் ஆண்டு மார்ச்சு முதல் மே வரையான காலத்தில் அமெரிக்க டொலரின் மதிப்பு ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு மேல் உயர்ந்தது. ரூபாயில் பேசப்பட்ட சீதனத்தை வெளிநாட்டு வருவாயிலிருந்து கொடுக்கும் அண்ணனுக்கு அவ்வாண்டில் சுமை குறைந்தது. வெளிநாட்டு நாணயத்தில் தொகை பேசிய உள்ளூர்ப் பெற்றோர்க்கோ அதே சுமை இருமடங்கை நெருங்கியது. வெளிநாட்டில் பிள்ளை உள்ள குடும்பம், இல்லாத குடும்பம் என்னும் பிளவு பேச்சுக்காலின் தொகையிலேயே வெளிப்படுகிறது.

4. வீட்டிலிருந்து வதிவுரிமைக்கு

யாழ்ப்பாணத்துச் சீதன வீடு பெண்ணுக்கு அளித்தது கூரையை மட்டுமன்று. அவள் தன் தாயின் அயலில், தன் பெயரில் உறுதியுள்ள வீட்டில் வாழ்ந்தாள். கணவனே அங்கு வந்து சேர்ந்தவன். 1990 ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டதும், அந்நிலம் உயர்பாதுகாப்பு வலயமானதும், 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் பேரிடப்பெயர்வும் நிலத்தையும் வீட்டையும் நம்பிச் சீதனம் பேசுவதை அரிதாக்கின. எடுத்துச் செல்லத்தக்க ரொக்கமும் நகையும் முன்னிடம் பெற்றன.

அதே காலத்தில் வதியும் முறையும் தலைகீழாயிற்று. பெண் கணவனின் நாட்டிற்கு, அவன் பெயரில் வாடகைக்கு எடுக்கப்பட்ட அடுக்குமாடிக்குச் செல்கிறாள். தாய் அயலில் இல்லை. ஊரில் அவள் பெயரிலுள்ள வீடு பூட்டிக் கிடக்கிறது, அல்லது முதிய பெற்றோர் அதில் இருக்கின்றனர். அதனை விற்கவேண்டுமாயினும், தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் அசையாச் சொத்தைக் கையாளக் கணவனின் எழுத்துமூல இசைவு வேண்டும். இல்லையேல் மாவட்ட நீதிமன்றத்தை நாடவேண்டும். வெளிநாட்டில் கணவனைப் பிரிந்து வாழும் பெண்ணுக்கு, அற்றோணித் தத்துவத்தின்வழி ஊரில் ஒருவரை நியமித்தாலும், இத்தடை எஞ்சுகிறது. நிரந்தரமாகப் பிற நாட்டில் குடியேறியவர்க்கு இவ்வாள்சார் சட்டம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது தனி வழக்குக்குரிய கேள்வி. அவ்வழக்கை நடத்தும் செலவும் அவளையே சாரும்.

சீதன வீடு அளித்த பாதுகாப்பின் இடத்தை இப்போது நிரப்புவது வதிவுரிமை. பேச்சுக்காலில் அதற்கு மதிப்பு உண்டு. அம்மதிப்பிற்கு ஏற்பப் பணம் கைமாறுகிறது. அடுத்த தலைமுறைக்கும் அது சென்று சேர்கிறது. சொத்தின் இயல்புகள் பல அதற்கு உள்ளன. ஆயினும் முதுசம்போல் அது பரம்பரையால் வந்ததன்று. சீதனம்போல் பெண்ணின் பெயரில் எழுதத்தக்கதன்று. தேடியதேட்டம்போல் இருவருக்கும் பாதியாகப் பங்கிடத்தக்கதும் அன்று. மணமகனிடம் இருந்துகொண்டு, மணமகளுக்குச் சிறிது சிறிதாக, நிபந்தனையோடு கிடைப்பது. அதற்காகக் கொடுக்கப்பட்ட நன்கொடையோ முதல் நாளிலேயே முழுமையாகக் கைமாறிவிடுகிறது. கொடுத்தலுக்கும் பெறுதலுக்கும் இடையிலான இக்கால இடைவெளியே நாடுகடந்த திருமணத்தின் பொருளியல் ஏற்றத்தாழ்விற்கு அடிப்படை.

5. அரசு என்னும் மூன்றாம் தரப்பு

அந்த இடைவெளியின் நீளத்தை நிர்ணயிப்பது இரு வீட்டாரும் அல்லர், குடிவரவுச் சட்டம். கனடாவில் 2012 ஆம் ஆண்டு ஒக்டோபரில், மணமாகி இரண்டு ஆண்டுகள் நிறைவுறாத, பிள்ளை இல்லாத இணையர், வந்தபின் ஈராண்டுகள் சேர்ந்து வாழ்ந்தாலே வதிவுரிமை நிலைக்கும் என்னும் நிபந்தனை கொண்டுவரப்பட்டது. வன்முறைக்கு உட்பட்டோர்க்கு விலக்கு இருந்தபோதும், அதனை மெய்ப்பிக்கும் பொறுப்பு புதிதாக வந்த பெண்ணிடமே இருந்தது. 2017 ஆம் ஆண்டு ஏப்ரலில் அந்நிபந்தனை நீக்கப்பட்டது. பிரித்தானியாவில் வாழ்க்கைத்துணைக்கான தகுதிகாண் காலம் 2003 இல் ஓராண்டிலிருந்து ஈராண்டாகவும், 2012 இல் ஐந்தாண்டாகவும் நீட்டப்பட்டது. அதே 2012 இல் துணையை அழைப்பவர் ஆண்டுக்கு 18,600 பவுண் ஈட்டவேண்டும் என விதிக்கப்பட்டது. 2024 ஏப்ரலில் அது 29,000 பவுணாயிற்று. யேர்மனி 2007 முதல் வருமுன்னரே அடிப்படை யேர்மன் மொழியறிவைக் கோருகிறது.

இவ்விதிகளுள் சில மோசடித் திருமணத்தைத் தடுப்பதற்கென இயற்றப்பட்டவை. அவற்றின் பக்கவிளைவு வேறு. தகுதிகாண் காலம் நீளுந்தோறும் மணமகன் தரப்பின் பேரவலு நீள்கிறது. வருமான வரம்பு உயருந்தோறும் அதனை எட்டும் மாப்பிள்ளையின் மதிப்பு உயர்கிறது. எட்டாதவர் இரண்டு வேலை பார்க்க, மணமகள் ஊரிலேயே ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறாள். அக்காலத்தில் அவள் சட்டப்படி மனைவி. வாழ்நிலையில் பெற்றோர் வீட்டு மகள். சீதனம் கொடுத்தாயிற்று, கணவன் வீடு கிடைக்கவில்லை. மரபை மட்டுமோ சந்தையை மட்டுமோ காரணமாகக் காட்டும் விளக்கங்கள் இக்காத்திருப்பை விளக்கமாட்டா.

6. இரு சட்டங்களுக்கிடையே சீதனம்

திருமணம் முறியும்போது இச்சிக்கல் முழுமையாக வெளிப்படுகிறது. 1947 ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி, தனிச்சொத்தைக் கொடுத்து வாங்கிய சொத்து தேடியதேட்டம் ஆகாது. சீதனப் பணத்தில் வாங்கிய காணி, வடிவம் மாறினும், பெண்ணின் தனிச்சொத்தாகவே தொடரும். ஈழத்தமிழர் செறிந்து வாழும் ஒன்ராறியோ மாகாணத்தின் குடும்பச் சட்டம் வேறு நியாயத்தில் இயங்குகிறது. திருமண காலத்தில் சேர்ந்த நிகர மதிப்பை இருவர்க்கும் சமப்படுத்துவது அதன் முறை. திருமணத்திற்குப் பின் பெற்றோர் மகளுக்குக் கொடையாக அளித்த பணம் அக்கணக்கிலிருந்து விலக்கப்படும். ஆனால் அப்பணம் இணையர் வாழும் இல்லத்தில் முதலிடப்பட்டால் விலக்கு அற்றுப்போகும். பெற்றோர் பின்னர் அனுப்பும் எஞ்சிய சீதனம் வீட்டின் முற்பணத்திற்கே போவது புலம்பெயர் குடும்பங்களின் இயல்பான தெரிவு. ஊர்ச்சட்டம் காக்கும் ஒன்றை வாழ்நாட்டுச் சட்டம் பொதுவாக்கிவிடுகிறது.

இதனைக் கொண்டு தேசவழமையே பெண்ணுக்கு உகந்தது என முடிவு கட்டுதல் பிழையாகும். கணவனின் இசைவை வேண்டும் அதே வழமை பெண்ணைக் கட்டுப்படுத்துகிறது. சமப்படுத்தும் சட்டம் சீதனமே இல்லாது வந்த பெண்ணுக்கும் கணவனின் சேமிப்பில் பங்கு தருகிறது. மாமனார் மாமியாரிடம் சென்ற நன்கொடைக்கோ இணையரின் சொத்துக் கணக்கில் இடமே இல்லை. அது அவள் சொத்தாக ஒருபோதும் எழுதப்படவில்லை. கைமாறிய தொகைகளுள் மிகப்பெரியதாக இருக்கக்கூடிய ஒன்று இவ்வாறு இரு சட்டங்களின் பார்வைக்கும் வெளியே நிற்கிறது.

7. ஆவணமும் உறவும்

ஆவணத்திற்கும் உறவிற்கும் இடையிலான இழுபறியைப் பரவலாக அறியச் செய்த படைப்பு, 2015 ஆம் ஆண்டு கான் விழாவில் உயர் விருது பெற்ற ‘தீபன்’ திரைப்படம். எழுத்தாளர் ஷோபாசக்தி முதன்மைப் பாத்திரத்தில் நடித்த அப்படத்தில், ஒருவரையொருவர் அறியாத மூவர் இறந்தோரின் கடவுச்சீட்டைக் கொண்டு குடும்பமாகிப் பிரான்சு செல்கின்றனர். காகிதக் குடும்பம் மெய்க்குடும்பமாவதே கதையின் போக்கு. நாடுகடந்த திருமணங்களின் பெரும்பகுதி எதிர்த்திசையில் செல்கிறது. பொன்னுருக்கலும் சாதகப் பொருத்தமும் எழுத்தும் முடிந்த மெய்த் திருமணம், அதிகாரியின் முன் காகிதமாக மாற்றப்பட்டு மெய்ப்பிக்கப்படவேண்டியுள்ளது. படத்தின் விமர்சகர் பலர் வன்முறைக் காட்சிகளைப் பற்றியே எழுதினர். குடும்பத்தை ஆவணமாக்கும் அரசின் அதிகாரம் பற்றிய அதன் பார்வை, புலம்பெயர் ஆய்விற்கு இன்னும் பயன்படத்தக்கது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. புலம்பெயர் இளைஞரின் பணம் தங்கையின் சீதனமாவது பழைய குடும்பச்சொத்து முறையின் தொடர்ச்சி. அது கடக்கும் நாடுகளும் நாணயங்களுமே புதியவை. சீதனம் வேறு, நன்கொடை வேறு எனப் பிரித்து ஆராய்தல் இன்றியமையாதது. முன்னது பெண்ணின் சொத்து, பின்னது அவள் பொருட்டு அவளைக் கடந்து செல்வது. வதிவுரிமை, தேசவழமையின் முப்பாகுபாட்டிற்குள் அடங்காத நான்காம் சொத்தாக இயங்குகிறது. முன்கூட்டி விலை கொடுத்துப் பின்னர் நிபந்தனையோடு பெறப்படும் அச்சொத்து, சீதன வீடு தந்த பாதுகாப்பிற்கு ஈடாவதில்லை. அந்நிபந்தனையை எழுதும் அரசும் பேச்சுக்காலில் அமராத ஒரு தரப்பாகக் கணக்கில் கொள்ளப்படவேண்டும்.

இனிவரும் ஆய்வுகள் திருமணம் நிகழும் தருணத்தோடு நில்லாமல், சீதன உறுதிகள், மணமுறிவு வழக்குகள், பூட்டிக் கிடக்கும் வீடுகளின் உரிமை ஆகியவற்றை நோக்கிச் செல்லுதல் வேண்டும். எவருடைய எதிர்காலத்திற்கு எவர் விலை கொடுத்தார் என்பது அங்குதான் எழுத்தில் கிடைக்கும்.